முறத்தில் இருக்கும் குப்பை

அம்மா,

வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். அண்ணா லண்டனில் இன்னும் இறங்கவில்லை, பயப்படாதே. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு மணி அந்த ஊர் மணி; நமக்கு அது மாலை ஆறரை. டயரியில் இரண்டு முறை கணக்குப் போட்டும் அந்த நாலரை மணி வித்தியாசத்தை விட்டுவிட்டேன்.

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது என்பாய். சேர்ந்துவிட்டான் என்று நம்பித்தான் இரண்டு மணிக்கே பெருக்கினேன். "எதுக்கும் அவன் ஃபோன் வரட்டும்டீ" என்று மட்டும் சொன்னாய். இப்போதுதான் கதவுக்குப் பின்னால் முறத்தைப் பார்த்தேன். குப்பையை வெளியே கொட்டாமல் எடுத்து வைத்திருக்கிறாய். என்னைத் திட்டவும் இல்லை. இதை மறக்கமாட்டேன், அம்மா.

ஆறரைக்குக் கொட்டிவிட்டுச் சாப்பிடு. காலையிலிருந்து வெறும் காப்பிதான் குடித்திருக்கிறாய். அடை மூடி வைத்திருக்கிறேன்.

பத்மஜா

பி.கு.: ஆறரையை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எதற்கும் அவன் ஃபோன் வரட்டும்.