அவன் படித்த வகுப்பு

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

ஒரு செய்தி. கேட்டால் திட்டுவாய். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன். ஓராண்டுப் படிப்பு. சமூகவியல், மானிடவியல், குற்றவியல் நீதி எல்லாம் சேர்ந்த துறை. ஆமாம், என் பிள்ளை படித்த அதே துறைதான். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் புது டீச்சர் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது. நேரே போய் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரே சிரிப்பு. அவன் போன பிறகு எனக்கும் அன்றுதான் சிரிப்பு வந்தது.

குற்றவியல் பாடம் எடுப்பவர் துறைத்தலைவர். என் பிள்ளை விடுதியில் செத்தபோது விசாரணை நடத்தி, நோயால் வந்த சாவு என்று எழுதி மூடியவர். நான் படுத்த படுக்கையாய்க் கிடந்ததால் என்னை அவர் பார்த்ததில்லை. எனக்காக நீதானே போய் வந்தாய். அவ்வளவு சுலபமாக எப்படி மூடினார் என்று அவர் வாயாலேயே தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன்.

உன் மகனை வராந்தாவில் பார்த்தேன். அவரிடம்தான் ஆராய்ச்சி செய்கிறானாமே, நீ சொல்லவே இல்லையே? "சித்தி" என்றான், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

உன் தங்கை

ஜூலை 15

என் செல்லத் தங்கைக்கு,

படிக்க ஆசை என்றால் வேறு இடமா இல்லை? புண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்? அவனை நானும்தான் மடியில் போட்டு வளர்த்தேன். எனக்கு மட்டும் வலிக்காதா?

என் பிள்ளைக்கு ஆராய்ச்சி முடியும் நேரம். அங்கேயே வேலைக்கு ஏற்பாடு செய்வதாகத் துறைத்தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் மனம் கோணும்படி எதுவும் செய்துவைக்காதே. லீவுக்கு இங்கே வா. மாடி அறையை உனக்காகக் கழுவி வைத்திருக்கிறேன்.

அக்கா

அக்டோபர் 21

அக்காவுக்கு,

மானிடவியலில் உறவுமுறைப் படம் போட்டோம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. சில சமூகங்களில் அம்மாவின் அக்காவும் அம்மாதான் என்றார் டீச்சர். எங்களிடமும் அப்படித்தான், முன்னால் 'பெரிய' என்று சேர்த்துக்கொள்வோம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் சாட்சியம் பற்றிய பாடம். துறைத்தலைவர் தன் அனுபவத்தை எடுத்துவிட்டார். "நம்ம விடுதியிலேயே ஒரு பையன் இறந்துட்டான். சீனியருங்க அடிச்சுக் குளியலறையில வச்சுப் பூட்டிட்டாங்கன்னு புரளி. பையனோட பெரியம்மாவே வந்து, சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு இதயக் கோளாறு, அடிக்கடி மயங்கி விழுவான்னு சொல்லிட்டாங்க. பிரேதப் பரிசோதனையும் வேண்டாம்னுட்டாங்க. சொந்தமே சொன்ன பிறகு வேற என்ன சாட்சி வேணும்?"

பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

கால்பந்து ஆடியவன் அக்கா அவன். எப்போது மயங்கி விழுந்தான்? யாருக்காக அப்படிச் சொன்னாய் என்று கேட்கப் போவதில்லை. உன் மகன் அப்போது அதே விடுதியில் சீனியர்.

தங்கை

அக்டோபர் 28

தங்கச்சிக்கு,

அவன் அடிக்கவில்லை. கதவருகே நிற்கச் சொன்னார்கள், நின்றான். அந்த வயதில் அவனுக்கு என்ன தெரியும்? ஒருத்தன் போயாச்சு. இன்னொருத்தனை ஜெயிலுக்கு அனுப்பினால் போனவன் திரும்பி வருவானா? என் இடத்தில் இருந்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

உன் காலில் விழுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவனை விட்டுவிடு.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

இடையில் நீ எழுதியதெல்லாம் வந்து சேர்ந்தது. பதில் போட மனம் வரவில்லை.

போன வாரம் என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. மாணவர் சாவுகளைக் கல்வி நிறுவனங்கள் எப்படி விசாரிக்கின்றன என்பது தலைப்பு. வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தேர்வாளராக வந்திருந்தார். பக்கத்தில் துறைத்தலைவர். பின்வரிசையில் உன் மகன். நான்தான் வரச் சொன்னேன்.

யார் பெயரையும் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னேன். துறைத்தலைவர் குறுக்கிட்டு ஆதாரம் என்ன என்று அதட்டினார். "வகுப்புல நீங்க சொன்னதுதான் சார். நான் அந்தப் பையனோட அம்மா" என்றேன்.

உன் மகன் எழுந்து நின்றான். "கதவ வெளியில பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். அண்ணா, திறண்ணான்னு என்னைத்தான் கூப்பிட்டான். நான் திறக்கல" என்றான்.

நான் அவனை மிரட்டவில்லை. வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பேன். இத்தனை மாதமும் வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லையாம். தாங்க முடியாது என்று தெரிந்துதான் கேட்டேன்.

அன்று மாலையே அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அடித்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிட்டான். துறைத்தலைவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வழக்கை மறுபடி எடுக்கிறார்கள். உன்னையும் கூப்பிடுவார்கள்.

அவன் இப்போது என் வீட்டில் இருக்கிறான். உன் முகத்தில் விழிக்க முடியாதாம். என் பிள்ளையின் கட்டிலில்தான் படுக்கிறான். அவனை நான் மன்னிக்கவில்லை, அது அவனுக்கும் தெரியும். வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். போலீஸ் வந்து கூட்டிப் போகும்வரை இங்கேதான் இருப்பான்.

மாடி அறையோடு அவன் அறையையும் பூட்டிவிடு. பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் பொழுது எப்படிப் போகும் என்று இனி நீயும் பார். எனக்கு எழுத வேண்டாம்.

உன் மகனின் சித்தி