சி.ஜி. என்றால் என்ன, சார்?

சார்,

பாளையம்பட்டி வீட்டின் பின்கட்டில் அம்மா புளியங்கொட்டையை மணலில் வறுத்துக்கொண்டிருக்கிறார், என் ஆய்வகத்துக்காக. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. நீங்கள் போய் நாற்பது நாள்தான் ஆகிறது. இறந்தவர்மேல் கோபம் ஆகாது என்கிறார் அம்மா. எனக்கு ஆகிறது.

நீங்கள் பெட்ரோலியப் பொறியியல் பேராசிரியர், நான் உங்கள் ஆராய்ச்சி மாணவி. எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது குழாய் வழியாகச் சேறு விடுவார்கள். சில களிமண் அடுக்குகள் அதன் தண்ணீரைக் குடித்து, நம் கரிசல் மழைக்கு உப்புவதுபோல் உப்பி, குழாயை இறுக்கிவிடும். அதைத் தடுக்க ஒரு பசை தேடி மூன்று வருடம் அலைந்தோம். கடைசியில், தறிப் பாவுக்கு எங்கள் வீட்டில் போடும் புளியங்கொட்டைக் கஞ்சியைக் கலந்து பார்த்தேன். உப்பல் நின்றது. "நம்ம ஊருப் புள்ளைன்னா சும்மாவா!" என்று துள்ளினீர்கள். அன்று உங்களை முழுசாக நம்பினேன்.

அந்த விடுமுறையில் சொந்த ஊரான பந்தல்குடிக்குப் போகிற வழியில் உங்கள் கார் எங்கள் வாசலில் நின்றது. "உள்ள வாங்க சார், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவீக" என்றார் அம்மா. "இருக்கட்டும்மா, நேரமாச்சு." செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தறி வீட்டுக்குள் வர உங்களுக்குக் கூச்சம். எனக்குத் தெரியாதா? உள்ளே வந்திருந்தால் அன்றும் பின்கட்டில் வறுபட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் நின்றபடியே என் ஆய்வு நோட்டை வாங்கிக்கொண்டு போனீர்கள்.

ஆறு மாதத்தில் கட்டுரை வந்தது, உங்கள் பெயர் மட்டும் போட்டு. கேட்டேன். "ஒனக்கு வயசு கெடக்குல்ல தாயி. பேரு எங்கிட்டுப் போயிரப் போகுது?" என்றீர்கள். அதைக் காட்டித்தான் துறைத் தலைவரானீர்கள், வெளிநாடுகளுக்குப் பறந்தீர்கள். நான் வேறு வழிகாட்டியிடம் வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

குப்பிகளின் மேல் நான் சி.ஜி. என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதை அப்படியே கட்டுரையிலும் போட்டிருந்தீர்கள். கருத்தரங்கில் ஒருவர் அதற்கு விரிவு கேட்டார். உங்கள் கண் கடைசி வரிசையில் என்னைத் தேடியது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். "கன்ட்ரோல்டு கிரைண்டிங்" என்று கூசாமல் சொன்னீர்கள். சீராக அரைப்பதாம்! 'சிந்த கிஞ்ச' சார், எங்கள் வீட்டுத் தெலுங்கில் புளியங்கொட்டை. நோட்டில் செய்முறையையும் அந்தத் தெலுங்கில்தான், தமிழ் எழுத்தில் எழுதியிருந்தேன். வறுக்க வேண்டும் என்பது அங்கேதான் இருந்தது. புரியவில்லை என்று என்னிடம் கேட்க உங்களுக்கு மனசு வரவில்லை.

உங்கள் கட்டுரையை நம்பி மற்ற ஆய்வகங்களில் எல்லாம் வறுக்காத பச்சைக்கொட்டையை அரைத்து அரைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் பலிக்கவில்லை. சந்தேகம் கேட்டு உங்களுக்குக் கடிதம் மேல் கடிதம். அதற்குள் நான் அதே கல்லூரியில் விரிவுரையாளர். ஒருநாள் என் அறைக்கு வந்தீர்கள், முகம் செத்துப் போயிருந்தது. "இதுல எங்கம்மா தப்பு வருது?" ஒரு வார்த்தையில் உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். "தெரியலையே சார்" என்றேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். சந்தேகத்தோடேயே ஓய்வு பெற்றீர்கள்.

நேற்று என் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்தது. எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, 'தவறானது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில். அதை நானே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கையில் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்தேன். படிக்காமலே போய்விட்டீர்கள். இதிலும் என்னை ஏமாற்றிவிட்டீர்கள், சார்.