நடுக் கடிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

திங்களுக்குள் தெளிவுபெற வேண்டியவை:

1. விளையாட்டு மன்றத்தில் பழைய வீரர்களின் பெயர் பொறிக்கும் சுவர்ப் பலகைக்கான படிவம். ஒருவருக்கு ஒரே விளையாட்டுதான் போடுவார்களாம். மனைவிக்கு எது? நீச்சலா, பாட்மின்டனா?
2. அவள் நீச்சலை விட்டதற்குக் காரணம் நான்.
3. அதை அவளிடம் சொல்ல வேண்டும்.
4. அந்தக் குற்றவுணர்வில்தான் அவளை மணந்தேன்.

படிவம் கொண்டுவந்த மகள், "அம்மாவைக் கேட்டா சிரிக்கிறாங்க. கணக்குப்புலி நீங்கதானே அப்பா, நீங்களே நிரப்புங்க" என்று வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 5, புதன்

எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்னவோ.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தேசிய அணிக்கான தேர்வு. இயற்பியல் வாத்தியார் என்பதால் என் கையிலும் ஒரு நிறுத்துக் கடிகாரம் தந்தார்கள். ஒரு தடத்துக்கு மூன்று பேர். மூன்று நேரங்களில் நடுவில் வருவதே கணக்கு. அவள் மல்லாந்து நீந்தி வந்து சுவரைத் தொட்டபோது தண்ணீர் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. கட்டைவிரல் தயங்கியது. மற்ற இருவரிடம் 70.2 விநாடி, 70.5. என்னிடம் 70.4. தேவைப்பட்டது 70.3. தயங்காமல் அழுத்தியிருந்தால் நடு நேரம் அதற்குள் வந்திருக்கும்.

தயங்கினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவள் குளத்தில் இறங்கவில்லை. மட்டையை எடுத்தாள், இரண்டு முறை தேசிய வெற்றி. அப்படியானால் நான் செய்தது நல்லதா? என்ன கேள்வி இது — என்னால்தான் பூட்டுக்கடைக்காரன் பிழைக்கிறான் என்று திருடன் சொல்வதுபோல.

மார்ச் 6, வியாழன்

சொல்லவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். இருமல் மருந்து தந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"அது உங்க கடிகாரமா?"

"ஆமா."

"உடை மாத்துற ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுதேன் அன்னிக்கு. எனக்கு வேகம் பத்தலன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

பட்டையின் நுனியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள்: "அப்போ என்னைக் கட்டிக்கிட்டது பாவத்துக்குப் பரிகாரமா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். யோசித்தேன். யோசிச்சேன்! எந்த மடையனாவது அந்த இடத்துல யோசிப்பானா? ஆனால் எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

மார்ச் 8, சனி

பேசவில்லை. என் சட்டைகளை மடித்து வைத்திருக்கிறாள், வழக்கம்போல. இதற்கு என்ன பொருள்? ஒன்றும் இல்லையா?

மார்ச் 9, ஞாயிறு

சமையலறையிலிருந்தே கேட்டாள்: "பாட்மின்டன்ல யாராவது கடிகாரம் பிடிப்பாங்களா?"

"மாட்டாங்க. புள்ளிதான்."

"அப்போ உங்களுக்கு அங்க என்ன வேலை? நான் ஆடுன ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதுக்கு வந்தீங்க?"

"மனசு கேக்காம—"

"மனசு உறுத்துறவன் கடைசி வரிசையில தலையக் குனிஞ்சு உக்காருவான். நீங்க முதல் வரிசை. எதிராளி அடிச்சது வெளிய விழறதுக்கு முன்னாடியே கைதட்டுறீங்கன்னு நடுவர் ரெண்டு தடவை எச்சரிச்சாரு. என் தோழிங்க எல்லாம் 'உன் ஆளு வந்தாச்சு'ன்னு கேலி பண்ணுவாங்க. நமக்குக் கல்யாணப் பேச்சே வராத காலம் அது."

எனக்கு அந்த எச்சரிக்கை மட்டும்தான் நினைவிருந்தது. அவமானமாக.

"அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனக்காதீங்க" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

படிவத்தைக் கொடுத்தாயிற்று. நீச்சல் என்று எழுதச் சொன்னாள். "பாட்மின்டன்ல ஜெயிச்சத ஊரே பாத்துச்சு. இத யாரும் பாக்கல." நேரம் கேட்ட கட்டத்தில் 70.4 என்றே எழுதினேன். ஏட்டில் இருப்பது அதுதான். வெகுநேரம் அதைப் பார்த்தாள். திருத்தச் சொல்லவில்லை. இன்னும் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எழுதிய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது சரி, அது என்றைக்கும் அப்படியேதான் இருக்கும். நான்காவது தவறு.