அதிமதுரப் பொட்டலம்

ஜூன் 11
குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை தூங்கியாயிற்று.

இன்றும் ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன். ஒலிபெருக்கியில் அம்மா. எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை நிமிடம் தாமதம். அவள் தனியாகப் போய் ஒன்றரை வருடம். அவளைப் பார்க்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே. ஆனால் அம்மாவின் குரல் கம்மிக் கிடக்கிறது.

ஜூன் 13
துணிந்து அறிவிப்பு அறைக் கதவைத் தட்டிவிட்டேன். அம்மா என்னை இழுத்துத் தலையை முகர்ந்தாள். "இன்னும் உங்கப்பா கடை வாசனை." திட்டினாளா, ஏங்கினாளா? குரல் தேறாவிட்டால் பதிவுக்குரல் போட்டுவிடுவார்களாம். அப்புறம் நான் எதைக் கேட்க அந்த வழியாகப் போவேன்?

பேச்சுக்கு நடுவே ஒரு வெள்ளை மாத்திரையை விழுங்கினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 14
அப்பாவின் நாட்டு மருந்துக் கடையில் தொண்டைக்கட்டு, வறட்டு இருமல், வாய்ப்புண் என்று வந்தால் கை முதலில் போவது அதிமதுர டப்பாவுக்கு. ஆனால் மூன்று கேள்வி கேட்காமல் பொட்டலம் மடிக்க மாட்டார். "யாருக்கு? வேற என்ன மருந்து சாப்பிடுறாங்க? எத்தனை நாளா?" அத்தை சிரிப்பாள்: "பொண்ணு பாக்கப் போனப்ப இதுல ஒண்ணாவது கேட்டிருக்கலாம்டா."

அவர் சாப்பிடப் போனதும் அம்மாவுக்காக இரண்டு கை அதிமதுரப் பொடி அள்ளினேன். என்னை யார் கேட்பது?

ஜூன் 24
குரல் தெளிந்துவிட்டது! ஒவ்வொரு எழுத்தும் மணி மாதிரி!

இரண்டாவது பொட்டலத்தை நீட்டியதும், "அவரா குடுத்தனுப்பினாரு?" என்றாள் அம்மா. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

ஜூலை 9
மூன்றாவது பொட்டலம். அம்மாவின் காலில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. "வயசாகுதுல்ல" என்கிறாள். வேளைக்கு இரண்டு கரண்டி குழப்பிக் குடிக்கிறாளாம்.

ஜூலை 16
ஒலிபெருக்கியில் வேறு யாரோ. பதிவுக்குரல்.

டிக்கெட் கொடுக்கும் மாமா சொன்னார்: "அம்மா படியில விழுந்துட்டாங்க பாப்பா. கை காலெல்லாம் துவண்டு போச்சு. மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்கலையாம். ஏன்னு டாக்டருக்கே புரியலை."

வெள்ளை மாத்திரை. பிரஷர் மாத்திரை.

'வேற என்ன மருந்து' என்று அப்பா கேட்பது இதற்குத்தானா? நான்தான். நானேதான். இனிக்கிற வேர்தானே, அது என்ன பண்ணிடும்னு— சொன்னால் அப்பா இனி ஒருநாளும் அம்மாவிடம் விடமாட்டார். சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா?

விடிந்ததும் சொல்லணும். சொல்லியே ஆகணும்.

ஜூலை 17
சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா கேட்டது மூன்றே கேள்வி.

"யாருக்கு?"
"அம்மாவுக்கு."
"வேற என்ன சாப்பிடுறா?"
"பிரஷர் மாத்திரை."
"எத்தனை நாளா?"
"ஒரு மாசம்."

திறந்த கடையை அப்படியே பூட்டினார். என்னையும் கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரிடம் அவரே சொன்னார்: "அதிமதுரம். என் கடையில இருந்துதான் போச்சு. பிரஷர் இருக்கிறவங்களுக்கு இதை நான் குடுக்கிறதே இல்ல. உடம்புல தண்ணி கோக்கும், பொட்டாசியம் இறங்கிடும்." டாக்டர் தலையசைத்தார். பொட்டாசியம் இறங்கித்தான் கிடந்ததாம். காரணம்தான் தெரியாமல் இருந்ததாம். "இனி தொடவே கூடாது. சரியாயிடும், நாளாகும்."

அம்மா கட்டிலில் இருந்தபடி அப்பாவிடம் சொன்னாள்: "நீங்க குடுத்ததுன்னு நெனச்சேன். அதான் ஒரு கரண்டி கூடவே போட்டுக்கிட்டேன்."

அப்பா சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 30
அம்மாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. தானாக எழுந்து நடந்தாளாம்.

ஆகஸ்ட் 20
அம்மா வேலைக்கு வந்துவிட்டாள். பாதி நேரம் பதிவுக்குரல், பாதி நேரம் அவள். பழைய கரகரப்பு திரும்பிவிட்டது.

காலையில் அப்பா ஒரு பொட்டலத்தை நீட்டினார். "உங்கம்மாகிட்ட குடு." மேலே அவர் கையெழுத்து: 'உப்பு. வெந்நீரில் கொப்பளிக்க மட்டும். விழுங்க வேண்டாம். கரகரப்பு விடாவிட்டால் டாக்டரிடம் காட்டவும்.'

கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மூன்றாம் நடைமேடையில் அப்பா. சரக்கு எடுக்கப் போகிறாராம், ரயிலில். எப்போதும் பஸ்ஸில் போகிறவர்.

அம்மா இரண்டு வண்டிகளை அறிவித்தாள். இரண்டுமே அப்பா சரக்கு எடுக்கிற ஊருக்குப் போகிற வண்டிதான். எதிலும் ஏறாமல் ஒலிபெருக்கிக்குக் கீழேயே நின்றார்.