முதலாவது தெரிவு

மே 19, திங்கள்

காலையிலிருந்து மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, அம்மா வீட்டில். அம்மாவுக்கு வேலையில்லாத நாளில் எனக்கு வேலை கூடும். இன்று மூன்று உருப்படி: கிளினிக் அட்டையில் அடுத்த திகதி, மருந்துப் பக்கெட் உறையில் எழுதியிருப்பது, கிராம சேவகரின் கடிதம். மூன்றும் சிங்களம்.

"கலா, இதுல என்னா போட்டிருக்குன்னு பாரு."

எட்டு வயதிலிருந்து கேட்கும் வாக்கியம். அம்மா சிங்களம் பேசுவார். மீன்காரனோடு சண்டை போட்டு வெல்லும் அளவுக்குப் பேசுவார். எழுத்துத்தான் தெரியாது.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள். தாதியியல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரஷர் கிளினிக்கில் அட்டையை நீட்டுகிற பக்கம் இத்தனை வருடம் நின்றாயிற்று. இனி அட்டையில் எழுதுகிற பக்கம் நிற்க வேண்டும். எந்தக் கெம்பஸ் என்பதுதான் தலைவலி. என் புள்ளிக்குப் பேராதனையும் கிடைக்கலாம், யாழ்ப்பாணமும் கிடைக்கலாம், எதை முதலாவது தெரிவாகப் போடுகிறாயோ அதுதான் என்கிறாள் யும்னா. என்னோடு படித்தவள். கரவனெல்லையில் அவள் வாப்பா நுஹ்மான் நானாவின் போட்டோக்கொப்பிக் கடையில் கம்பியூட்டர் அவள் ஆட்சி.

மே 21, புதன்

எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஆலோசகர்கள் முளைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஐயாவு மாமா, "யாழ்ப்பாணத்து வெயில்ல கருத்துப் போயிருவ புள்ள" என்றார். இப்போது நான் என்னமோ வெள்ளைக்காரி மாதிரி. அவர் மனைவி, "பேராதனையில குளிரு, சளி புடிக்கும்" என்றார். ஆக, வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

அப்பா கொழும்புச் சாப்பாட்டுக் கடையிலிருந்து போன் பண்ணினார். "பேராதனைன்னா கேகாலையில ஒரு பஸ் மாறுனா போதும். யாழ்ப்பாணம் எம்புட்டு தூரம்."

சாப்பிடும்போது அம்மா, "பேராதனைன்னா சனிக்கெழம வந்துருவ தானே?" என்று கேட்டார்.

மே 22, வியாழன்

மழை. மருந்துப் பக்கெட்டை இன்றைக்கும் வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

மே 25, ஞாயிறு

இங்கே மட்டும் உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்கு யாழ்ப்பாணம் வேண்டும்.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு மூன்று நாள் போயிருந்தோம். பஸ் பலகை, மருந்துக் கடை, சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல் - எல்லாம் தமிழ். அந்த மூன்று நாளும் என்னிடம் ஒரு ஆள்கூட "என்னா போட்டிருக்கு" என்று கேட்கவில்லை. நிறைந்த பால் வாளியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

எனக்கு அலுத்துப் போச்சு. வாசிச்சு வாசிச்சு அலுத்துப் போச்சு. விளையாடப் போனாலும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாங்க, பரீட்சைக்குப் படிச்சாலும் வாசிக்கச் சொல்வாங்க. அம்மாவோட கண்ணாடியாவே நான் இருக்கணுமா?

- இப்படி எழுதுகிறவள் நல்ல மகளா?

நான் போனால் யார் வாசிப்பார்கள்? காலை மருந்தை இரவில் போட்டுக்கொண்டால்? பேராதனைதான். முடிவு. யாழ்ப்பாணத்தில் எனக்கு இஷ்டமே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்.

மே 26, திங்கள்

யும்னாவிடம் சொன்னேன். பேராதனையை முதலாவதாக அடித்தாள். பிறகு கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மனசாலதான் சொல்றியா?"

"ஆமா."

"மூஞ்சப் பாத்தா மௌத்து வீட்டுக்கு அழ வந்த மாதிரி இருக்கு. நான் இத இப்ப அனுப்ப மாட்டேன். இன்னம் நாள் இருக்கு."

கடை அவர்களுடையது. வேறு வழியில்லை, வந்துவிட்டேன்.

மே 28, புதன்

யாழ்பாணம் மொதல போடு. பொய் எழுதாத

மேலே இருப்பது என் கையெழுத்து இல்லை.

கொப்பியைத் திறந்தேன், இந்தப் பக்கத்தில் இது இருந்தது. பென்சில். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிரட்டை அளவு. காது இரண்டும் சூடாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திரும்ப வாசித்தேன். "அலுத்துப் போச்சு" இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். படுபாவி நான்.

இந்தக் கொப்பியை ஒளித்து வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. மேசையில்தான் கிடக்கும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று எப்போது நினைக்கத் தொடங்கினேன்? தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். தமிழில். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். சுத்தமாக மறந்திருக்கிறேன்.

தண்ணீர் விழும் பீலியடியில் அம்மா வாளி கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"எத்தன நாளா வாசிக்கிறீங்க?"

"நீ அந்தக் கொப்பி வாங்குன நாள்லேருந்து. வீட்டுல பாடப் பொஸ்தகத்த விட்டா தமிழ்ல இருக்கிறது அது ஒண்ணுதானே."

அம்மா வாளிக்குள் கையை விட்டுத் தேய்த்தார்.

"நல்லாத்தான் எழுதுற. எழுத்துத்தான் பொடிசு, கண்ணு வலிக்குது."

"அலுத்துப் போச்சுன்னு எழுதுனேனே. கோவமில்லியா?"

"எனக்குந்தான் அலுத்துப் போச்சு. ஒன்னக் கேட்டுக் கேட்டு." வாளியைக் கவிழ்த்து அடியைத் தட்டினார். "நீ போ. யும்னா இருக்கா, போன் இருக்கு. நா என்னா கொழந்தையா?"

"மருந்து?"

"வெள்ள காலையில. மஞ்ச ராவைக்கு. ரெண்டு வருசமாத் தெரியும்."

"அப்ப ஏம்மா தெனம் கேட்டீங்க?"

அம்மா ஏற்கெனவே கழுவிய வாளியை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

ஜூன் 1, ஞாயிறு

கடைக்கு அம்மாவும் வந்தார், நல்ல சேலை கட்டிக்கொண்டு. யும்னா பேராதனையைக் கீழே இறக்கி யாழ்ப்பாணத்தை மேலே ஏற்றினாள். "ஆன்ட்டி, இத நீங்களே அமத்துங்க" என்று மவுஸை அம்மாவின் கையில் கொடுத்தாள். இருபது வருடம் மரத்தில் காயம்படாமல் பட்டை சீவிய கை. மவுஸையும் கத்தி மாதிரி இறுக்கிப் பிடித்தது. அமத்திவிட்டு, "ஹரித?" என்று சிங்களத்தில் கேட்டார், சரியா என்று. நுஹ்மான் நானா எல்லாருக்கும் பிளேன்டீ வரவழைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம். காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்பாவுக்குப் போனில் அம்மாதான் சொன்னார். "தூரந்தான். அதுக்கென்னா, நானும் போய்ப் பாத்துட்டு வருவேன்ல."

ஒக்டோபர் 3, வெள்ளி

கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணம்.

யும்னா போனில் கத்திய கத்தலில் காது இன்னும் இரைகிறது. நான் அழுது முகம் கழுவி வெளியே வருவதற்குள், அம்மா எங்கெல்லாம் சொல்லவேண்டுமோ அங்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். ஐயாவு மாமா வந்து, "வெயிலுக்கு ஒரு கொட கொண்டு போ" என்றார். அவருடைய குடையையே கொடுத்தார். ஒரு கம்பி இல்லை.

பெப்ரவரி 2, திங்கள்

யாழ்ப்பாணம். பதிவு முடிந்தது, விடுதியில் கட்டில் கிடைத்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அம்மா பலகை வாசிக்கிறார். சத்தமாக, எழுத்துக்கூட்டி. "மருந்-த-கம். வெ-து-ப்ப-கம். கலா, இங்க பாரு, தையல் கடைகூட தமிழ்ல." நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன், அம்மா முன்னால். ஒரு சந்தியில் நான் தடுமாறி நிற்க, அம்மா அம்புக்குறி போட்ட பலகையை வாசித்து, "இந்தப் பக்கம், வா" என்றார். ஆட்டோக்காரர், "எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டார். "கேகாலப் பக்கங்க. மக இங்க நர்ஸ் படிக்க வந்திருக்கா." அவர் கேட்டது அவ்வளவு இல்லை. ஆனால் அம்மா சந்தித்த எல்லாருக்கும் இதையே சொன்னார்.

பின்னேரம் பஸ் ஏற்றிவிட்டேன். அழவேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். இரண்டு பேரும் மீறிவிட்டோம்.

பெப்ரவரி 19, வியாழன்

இன்று முதல் தடவை இரத்த அழுத்தம் பார்க்கப் பழகினோம். விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் சுகந்தினிதான் நோயாளி. இந்த ஊர்க்காரி. நான் "பேசுறது" என்றால் அவள் "கதைக்கிறது" என்பாள், பிறகு இருவரும் சிரிப்போம். பட்டையைச் சுற்றும்போது, கிளினிக்கில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி, அம்மாவின் கையில் இதைச் சுற்றியதை அருகில் நின்று பார்த்த எட்டு வயதுக் கலா ஞாபகத்துக்கு வந்தாள். சந்தோஷமாக இருக்கிறேன்.

வாசித்துச் சொல்லு என்று அம்மா போனில் ஒரு படம்கூட அனுப்பவில்லை. சிங்களக் கடிதமே வரவில்லையா? வந்திருக்கும். யும்னாவிடம் போயிருக்கும். நல்லதுதான்.

நல்லதுதானே?

மார்ச் 8, ஞாயிறு

வட்ஸ்அப்பில் அம்மாவிடமிருந்து ஒரு படம். கிளினிக் அட்டையாக இருக்கும் என்று பெரிதாக்கினேன். அட்டை இல்லை. கோடு போட்ட அப்பியாசக் கொப்பியின் முதல் பக்கம். பென்சில்.

"மார்ச் 7 சனி. மழை. வெட்டு இல்லை. கிளினிக் தனியா போனேன். அப்பா வந்தார் மீன் வாங்கினோம். நீ கேட்டது மருந்து தெரிஞ்சும் ஏன் கேட்டேன். அப்பதான் நீ பக்கத்துல வந்து ஒக்காருவ. இனி நான் எழுதுவேன் நீ வாசி."

எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக. கண் வலிக்கவில்லை.

மூன்று முறை எனக்குள் வாசித்தேன். பிறகு சுகந்தினியைக் கட்டிலில் உட்கார வைத்து, ஒரு சொல் விடாமல், சத்தமாக வாசித்துக் காட்டினேன்.