வெள்ளைச் சேலையும் வாபஸ் நாளும்

இயேசு மரி சூசை துணை

அதியமான்கோட்டை,
5-1-1989

அன்பு மகள் சகாயமேரிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் உன் சித்தியும் உயிரோடு சுகமாக இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்று கேட்பாய், பதறாமல் படி. அம்மாவுக்கு எம்.எல்.ஏ. சீட் கொடுத்திருப்பதைப் போன கடிதத்தில் எழுதினேன். மாதர் சங்கத்தில் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்பட்டவள் எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தலைவரானாள், ஏரிக்கரையைப் பாழாக்கிய குவாரி லாரிகளை நடுரோட்டில் நின்று மறித்தாள், அதைப் பார்த்துத்தான் கட்சியில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நானும் கடை கடையாகப் போய் மிட்டாய் கொடுத்தேன், பெருமைக்கு என்ன குறைச்சல்.

புது வருஷத்தன்று பூசை முடிந்து வந்தால் வாசலில் ஒரு பார்சல், உள்ளே கரை இல்லாத வெள்ளைச் சேலை, அனுப்பியவர் பெயர் இல்லை. நம் கோவிலில் கல்யாணப் பெண் வெள்ளைதானே கட்டுகிறாள், உன் சித்தி மதலேனம்மாள், யாரோ உனக்குத்தான் கல்யாணச் சேலை அனுப்பியிருக்கிறார்கள் என்று குதித்தாள். நானும் அசடு மாதிரி பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி வந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் வந்த ஒன்றியச் செயலாளர் மாது அதைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணே, இது கல்யாணச் சேலை இல்லீங்க, எங்கள்ல புருசன் செத்தவளுக்குக் கட்டறதுங்க, அக்கா வாபஸ் வாங்கலைன்னா உங்களத் தீத்துருவோம்னு குவாரிக்காரனுங்க சொல்றானுங்க என்றார். வேட்பாளர் செத்தால் தேர்தலே நின்றுவிடுமாம், அதனால் என்னையாம். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பார்.

எனக்குப் பயமாக இருக்கிறது மேரி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. தினம் டி.வி.எஸ்.சில் தொப்பூர் பட்டறைக்குப் போகிறவன் நான், அந்தக் கணவாயில் ஒரு லாரி என்மேல் ஏறினால் அதைக் கொலை என்று எவன் சொல்வான், தினம் நடக்கிற இடமாயிற்றே. முந்தாநாள் ஒரு கல் லாரி ஒட்டி வந்து என்னை மண்ணில் இறக்கிவிட்டுப் போனது, வேண்டுமென்றா தற்செயலா தெரியவில்லை. நேற்றுச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள், நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கே வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன், மனசுல எதுவும் வச்சுக்க மாட்டேங்க என்று. நிஜமாகத்தான் சொன்னாள், அவள் முகம் எனக்குத் தெரியாதா. காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் படுத்தேன்.

இன்று மூன்று மணியோடு வாபஸ் வாங்கும் நேரம் முடிகிறது என்று அவளோடு தேர்தல் ஆபீசுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கடி என் முகத்தைப் பார்த்தாள். காலையில் சொல்லாமல் விட்ட வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அப்போது நம் ஊர் ராமக்காள் பென்ஷன் நின்றுபோய்விட்டதென்று அழுதுகொண்டு அங்கேயே வந்துவிட்டாள், அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து மடியில் பேப்பரை வைத்து மனு எழுத ஆரம்பித்தாள். எழுதுகிறவளுக்கு என் ஞாபகமும் இல்லை, சேலை ஞாபகமும் இல்லை. அவள் தலை நிமிர்ந்தபோது மணி மூன்று தாண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது, நாளைக்கு வேலைக்குப் பஸ்ஸில் போகலாம் என்றிருக்கிறேன்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, சாயந்திர ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள். இடைவிடாத சகாய மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், தன்னால்தான் ஆயிற்று என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவள் என்னைக் கேட்டாள், நான்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நீதான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சவுரியப்பன்