சாய்ந்த ஏழு மரங்கள்

ஆகஸ்ட் 6, செவ்வாய்
காலையில் தோப்புக்குப் போனால் ஏழு வாழை தாரோடு மண்ணில் கிடக்கிறது. நேற்று காற்றே இல்லை. தானாகவா சாயும்? பக்கத்துத் தோட்டத்து வியாகுலம்மாள்தான். அய்யலூர்ச் சந்தையில் வாங்கின அவள் ஆடு வேலி தாண்டி வந்ததென்று பிடித்துக் கட்டிப்போட்டேனே, அந்த ஆத்திரம். எனக்குத் தெரியாதா!

ஆகஸ்ட் 7
டீக்கடை முன்னால் நாலு பேர் பார்க்கக் கேட்டுவிட்டேன். "ஆட்டுக்காக என் மரத்தத் தள்ளிவிட்டவ நீதானடி?" அவள் பால் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா?

ஆகஸ்ட் 9, வெள்ளி
இன்னும் மூன்று மரம். வேளாண்மை ஆபீசிலிருந்து லிடியா வந்து, சாய்ந்த மரத்தின் வேரைக் கத்தியால் பிளந்து காட்டினாள். உள்ளே கறுத்து அழுகிக் கிடந்தது. நூற்புழு. கண்ணுக்கே தெரியாதாம். மண்ணைப் பிடிக்க வேர் இல்லை, தார் கனத்ததும் மரம் தானாகச் சாய்கிறது.
"நடும்போது கிழங்கச் சீவி, புழு மருந்து கலந்த சேத்துல முக்குனீங்களாக்கா?"
இல்லை. கன்று நட்ட அன்றைக்கே லிடியா சொன்னாள். ஒரு நாள் வேலை மிச்சம் என்று அப்படியே குழியில் போட்டேன்.
ஐயோ, டீக்கடை.

அதே நாள், சாயங்காலம்
அதைவிடக் கேவலம் இருக்கிறது. வியாகுலம் அக்காவும் என் கன்றைத்தான் நட்டிருக்கிறாள். நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன். சீவணுமான்னு கேட்டா. அதெல்லாம் வேணாங்க்கான்னேன். வாய் நிறைய அக்கான்னு நான் கூப்பிடுறவளப் போயி 'டி' போட்டுப் பேசியிருக்கேனே, நான் மனுசியா?

ஆகஸ்ட் 10
அக்காவிடம் போகவில்லை. தலைவலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
அக்கா கோயில் பூசை முடிந்து வரும்வரை வேலியோரம் நின்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கால்விரலைப் பார்த்துக்கொண்டே புழு, கன்று எல்லாம் சொன்னேன்.
"என் தோட்டத்துல போன வாரமே நாலு சாஞ்சிருச்சு ஜோதி," என்றாள். "நான் யாரையும் சொல்லல."
அம்புட்டுதான். உள்ளே போய்விட்டாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

ஆகஸ்ட் 12
அதே ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து டீக்கடைக்குப் போனேன். யாரும் தள்ளவில்லை, புழு என் கன்றிலேயே இருந்தது, அக்கா மேல் போட்டது வீண்பழி என்றேன். கடைக்காரர் கண்ணுசாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஆனாலும் முழுசாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
சவுக்குக் கம்புகளோடு அக்கா தோட்டத்துக்குப் போய், நிற்கிற மரங்களுக்கு முட்டுக் கொடுத்தேன். அவள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது மரத்துக்கு வந்து கம்பைப் பிடித்தாள்.
"இன்னும் முப்பது கெடக்கு. நாளைக்கு வெள்ளனா வா."